பூங்காவில் ஊர்கூடி வேலை செய்ய: நெல்லைச் சீமைக்கான கேள்வி பதில்

திருநெல்வேலி மாநகராட்சியின் பூங்காக்களிலும் சுற்றுவட்டார ஊராட்சிப் பூங்காக்களிலும் மரம் நட, துப்புரவு செய்ய, கலை நிகழ்ச்சி நடத்த நினைக்கிற தெருக்காரர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. சென்னைக்கோ கோவைக்கோ எழுதிய வழிமுறை இங்கே அப்படியே செல்லாது. நம் மழை வரும் மாதம் வேறு, காற்று வேறு, ஊருக்கு ஊர் மண்ணும் வேறு. பூங்கா வேலை தோற்றுப்போவது பெரும்பாலும் ஆள் பற்றாமல் அல்ல, தேதியைத் தப்பாகக் குறித்ததால்தான்.

அனுமதி யாரிடம் வாங்க வேண்டும்?

மாநகராட்சிப் பூங்கா என்றால் கடிதம் ஆணையர் பெயருக்கு. நகல் இரண்டு: ஒன்று உங்கள் மண்டல உதவி ஆணையருக்கு (தச்சநல்லூர், பாளையங்கோட்டை, மேலப்பாளையம், திருநெல்வேலி என நான்கு மண்டலம்), இன்னொன்று உங்கள் வார்டின் மாமன்ற உறுப்பினருக்கு. கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். பூங்காவின் பெயர், வார்டு எண், தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், எத்தனை பேர், என்ன வேலை, ஒலிபெருக்கி உண்டா, அடுப்பு மூட்டுவீர்களா, சேரும் குப்பையை யார் எடுப்பது, பொறுப்பாளர் இருவரின் கைபேசி எண். இவ்வளவும் இருந்தால் திருப்பி அனுப்பக் காரணம் இருக்காது. நீங்கள் வைத்துக்கொள்ளும் நகலில் தேதி முத்திரை வாங்காமல் வராதீர்கள். வேலை நாளன்று காவலாளி கேட்டை மூடிக்கொண்டு நின்றால் அந்த முத்திரைதான் பேசும்.

15 நாள் முன்னதாகக் கொடுத்தால் நிதானமாக நடக்கும். 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் மூன்று வேலை நாட்களுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவித்து, குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன. ஒலிபெருக்கிக்குத் தனியாகக் காவல்துறை அனுமதி.

கடிதம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். அந்தப் பூங்காவைத் தினமும் பெருக்குகிற தூய்மைப் பணியாளரையும், தண்ணீர் திறந்துவிடுகிறவரையும் போய்ப் பாருங்கள். எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், எந்த மூலையில் இரவில் பாட்டில் உடைக்கிறார்கள், எந்த மரத்தில் குளவிக் கூடு இருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களைக் கேட்காமல் போட்ட திட்டம் முதல் நாளே இடறும்.

மரம் நட ஜூன் 5 நல்ல நாள்தானே? உலகச் சுற்றுச்சூழல் தினம் ஆயிற்றே?

நம் சமவெளிக்கு அது மோசமான நாள். தென்மேற்குப் பருவத்தில் குற்றாலத்தில் சாரல் விழும், மலையடிவாரம் நனையும். பாளையங்கோட்டைக்கு வந்துசேர்வது காற்றுதான். வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆவணி வரை மேற்கிலிருந்து அடிக்கும் அந்த வறண்ட காற்று இலையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். அன்று நட்ட கன்று தண்ணீர் ஊற்றினாலும் திணறும், ஊற்றாவிட்டால் ஆடிக்குள் குச்சிதான் நிற்கும்.

இங்கே ஆண்டு மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில் பெய்கிறது. முதல் இரண்டு நல்ல மழை விழுந்து, மண் ஒரு முழ ஆழத்துக்கு நனைந்த பிறகு நடுங்கள். அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முடிய உள்ள ஆறு வாரம்தான் பொற்காலம். அப்போது நட்ட கன்றுக்குக் கோடை தொடங்கும் முன் நான்கு மாதம் வேர்விட நேரம் கிடைக்கிறது.

ஜூன் 5-ஐக் கொண்டாட வேண்டும் என்றால் அன்று குழி எடுங்கள், அல்லது போன ஆண்டு நட்டதற்குத் தண்ணீர் ஊற்றுங்கள். எடுத்த குழி நான்கு மாதம் வெயில் காய்ந்தால் மண்ணுக்கு நல்லதுதான். பிள்ளைகள் ஓடும் இடமானால் குழியைப் பலகையோ முள்ளோ போட்டு மூடி வையுங்கள்.

குழி எவ்வளவு ஆழம்? என்ன போட்டு நிரப்புவது?

மண்ணைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நம் பக்கம் மூன்று வகை.

செம்மண்ணும் சரளையும் கலந்த இடத்தில் இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். கடப்பாரை தெறிக்கும் அளவுக்குச் சரளை இறுகியிருந்தால் மூன்றடியாக்குங்கள், இல்லாவிட்டால் வேர் குழிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைத்து, அதோடு மட்கிய தொழுவுரம் ஒரு சட்டி, வேப்பம் புண்ணாக்கு கால் கிலோ கலந்து நிரப்ப வேண்டும். கன்றைத் தரைமட்டத்துக்கு நான்கு விரல் கீழே நட்டுச் சுற்றிலும் வட்டப்பாத்தி கட்டுங்கள். தண்ணீர் ஓடாமல் நிற்கும்.

கரிசலில் இதற்கு நேர்மாறு. அங்கே குழியை உரத்தாலும் மணலாலும் நிரப்பினால் சுற்றியுள்ள களிமண் தண்ணீரைப் போகவிடாது. ஐப்பசி மழையில் அந்தக் குழி தொட்டியாகி வேர் அழுகும். ஒன்றரை அடி போதும். எடுத்த கரிசலையே முக்கால் பங்கு திரும்பப் போட்டு, தரையைவிட அரையடி மேடாக்கி, அந்த மேட்டில் நடுங்கள். கோடையில் கரிசல் வெடித்து இளவேரை அறுத்துவிடும். அதைத் தடுக்கப் பங்குனிக்கு முன்பே நான்கு விரல் கனத்துக்குச் சருகு மூடாக்குப் போட்டுவிடுங்கள்.

திசையன்விளை, குட்டம் பக்கத்துத் தேரி (செம்மணல் மேடு) மணலில் தண்ணீர் நிற்காது. ஆழமாக நட வேண்டும். குழியின் அடியில் தென்னை மட்டையோ தேங்காய் நாரோ ஒரு சாண் உயரம் பரப்பி அதன்மேல் மண் போட்டால் ஈரம் கொஞ்ச நாள் தங்கும்.

எந்த மண்ணானாலும் மட்காத பச்சைச் சாணி போடக் கூடாது. சூடு வேரைக் கருக்கும், கரையானும் வரும். மாநகராட்சியின் நுண்ணுர மையங்களில் மட்கிய உரம் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். சொதசொதவென்று ஈரமாக நாற்றமடித்தால் அது இன்னும் மட்கவில்லை. காட்டு மண்வாடை வர வேண்டும்.

கன்றைப் பையோடு நடலாமா?

கூடாது. பாலித்தீன் பையைப் பிளேடால் பக்கவாட்டில் கீறி, மண்கட்டி உடையாமல் எடுக்க வேண்டும். அடியில் வேர் சுருண்டிருந்தால் அந்தச் சுருளைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். சுருண்ட வேரோடு நட்ட மரம் ஐந்தாறு வருடம் நன்றாக நிற்கும், பிறகு ஒரு பெருங்காற்றில் அடியோடு சாயும். கூட்டம் சேர்ந்து நடும்போது அதிகம் நடக்கும் தவறு இதுதான். நான்கு குழிக்கு ஒருவரைப் பை கிழிக்க மட்டும் நிறுத்துங்கள். கிழித்த பைகளை எண்ணிப் பாருங்கள். நாற்பது கன்றுக்கு நாற்பது பை இருக்க வேண்டும். குறைந்தால் எங்கோ பையோடு புதைந்திருக்கிறது.

என்ன மரம் வைக்கலாம்?

நிழலுக்கு வேம்பு, புங்கை, பூவரசு, மகிழம். ஆற்றோரம், வாய்க்காலோரம், குளக்கரைப் பூங்கா என்றால் மருதும் நாவலும். தாமிரபரணிக் கரையில் மருது தானாகவே வளர்ந்து நிற்கிறது, வெள்ளம் மூழ்கடித்துப் போனாலும் பிழைக்கும். அகலமான இடத்துக்கு இலுப்பை. கடலோர ஊர்ப் பூங்காவுக்குப் புன்னை. பூவுக்குச் சரக்கொன்றை.

ஆலும் அரசும் அருமையான மரங்கள். ஆனால் சுவர், தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்க் குழாய் எதற்கும் 40 அடிக்குள் வேண்டாம். புங்கைக்கும் வேம்புக்கும் மரத்துக்கு மரம் 15 அடி விடுங்கள். மின்கம்பிக்கு அடியில் எதுவும் நடாதீர்கள், மின்வாரியக்காரர்கள் ஆண்டுதோறும் தலையை வெட்டுவார்கள். கோனோகார்பஸ் சீக்கிரம் பச்சைகட்டும் என்று ஆசைப்பட்டு வாங்க வேண்டாம். பறவைக்கும் பூச்சிக்கும் அதில் ஒன்றுமில்லை, வேர் குழாயைத் தேடிப் போகும்.

கன்று நான்கடிக்குக் குறையாமல், தண்டு பெருவிரல் கனம் இருக்கட்டும். ஒரு சாண் கன்றை ஆடும் புல்லும் விழுங்கிவிடும். பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022-இல் தொடங்கியதிலிருந்து வனத்துறை நாற்றங்கால்களில் நாட்டு மரக் கன்றுகள் நிறைய வளர்க்கிறார்கள். ஆவணியிலேயே எண்ணிக்கை சொல்லி வையுங்கள்.

முட்டுக்கொம்பு எந்தப் பக்கம் ஊன்றுவது?

மேற்குப் பக்கம், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. காற்று மேற்கிலிருந்து வருவதால் கன்று கொம்பை விட்டு விலகிக் கிழக்கே வளையும், கயிறு தாங்கிக்கொள்ளும். கிழக்கே ஊன்றினால் ஆடி முழுக்கத் தண்டு கொம்பில் உரசிப் பட்டை போய்விடும். கட்டுவதற்குச் சணல் கயிறு, எட்டு வடிவ முடிச்சு, இரண்டு விரல் நுழையும் தளர்ச்சி. கட்டுக்கம்பி வேண்டவே வேண்டாம். தண்டு பெருக்கும்போது அது கழுத்தை இறுக்கிக்கொல்லும். கொம்பின் அடியில் ஒரு முழத்துக்கு வேப்பெண்ணெய் தடவினால் கரையான் தாமதமாகத்தான் ஏறும். மூன்றாவது வருடம் கொம்பை எடுத்துவிடுங்கள்.

ஆடு கடிக்காமலிருக்கக் கன்றைச் சுற்றி மூங்கில் கூடு ஐந்தடி உயரம் வேண்டும். நாலடிக் கூட்டை வெள்ளாடு முன்னங்காலைத் தூக்கி வைத்து எட்டிவிடும்.

தண்ணீர் எவ்வளவு? யார் ஊற்றுவது?

கன்றுக்கு ஒரு குடம், வாரத்துக்கு இரண்டு முறை, தை முதல் அடுத்த ஐப்பசி வரை. பங்குனி, சித்திரையில் மூன்று முறை. பிளாஸ்டிக் குடம் 12 முதல் 15 லிட்டர் பிடிக்கும். நாற்பது கன்று என்றால் ஒரு தடவைக்கு 600 லிட்டர், வாரத்துக்கு 1,200 லிட்டர். பூங்காவுக்குள் குழாய் இருந்தால் இரண்டு பேர் ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கலாம். இல்லையென்றால் டிராக்டர் தொட்டிக்குப் பணம் வேண்டும். கன்று வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். ஊற்ற ஆளும் தண்ணீரும் பத்துக் கன்றுக்குத்தான் உண்டென்றால் பத்து மட்டும் நடுவதே கண்ணியம்.

தினமும் ஒரு சொம்பு ஊற்றுவது நல்லதென்று பலர் நினைக்கிறார்கள். அது மேல்மண்ணை மட்டும் நனைக்கும், வேர் மேலேயே நிற்கும், காற்றில் மரம் ஆடும். இடைவெளி விட்டு நிறைய ஊற்றினால் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும்.

ஆள் குறைவான இடத்துக்குப் பானைப் பாசனம் ஒத்துவரும். காருகுறிச்சிப் பக்கம் செய்யும் மண்பானையில் எட்டு, பத்து லிட்டர் பிடிப்பதாகப் பார்த்து, தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் கழுத்து வரை புதைத்து, நிரப்பி மூடி வையுங்கள். ஓட்டை போட வேண்டாம், பானையின் உடம்பே கசியும். நான்கைந்து நாளைக்கு ஒரு தடவை நிரப்பினால் போதும். பெயின்ட் அடித்த பானை உதவாது. மூடி இல்லாவிட்டால் கொசு முட்டையிடும்.

முறைப்பட்டியல் ஆள் பெயரில் இருக்கட்டும்: திங்கள், வியாழன் இன்னார். "குழுவினர் ஊற்றுவார்கள்" என்று எழுதினால் யாரும் ஊற்ற மாட்டார்கள். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் ஊருக்குப் போவதும் சித்திரை வெயிலும் ஒரே நேரத்தில் வருவதை மறக்க வேண்டாம். அந்த இரண்டு மாதத்துக்குத் தெருவிலேயே இருக்கும் பெரியவர்களிடம் கேட்டுப் பெயர் வாங்குங்கள்.

பனை விதைக்கலாமா?

பூங்காவின் வெளி எல்லையிலும், குளக்கரைச் சரிவிலும் தாராளமாக. பிள்ளைகள் விளையாடும் நடுவில் வேண்டாம். பனை உயரும் வரை கருக்கு மட்டை கைகாலைக் கிழிக்கும்.

ஆவணி புரட்டாசியில் தானாக விழுந்த பழத்தின் கொட்டையைப் பொறுக்கிக் காயவைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் போட்டு மிதப்பதைக் கழித்துவிடுங்கள். ஒரு சாணுக்குக் குறையாத ஆழம், கொட்டைக்குக் கொட்டை எட்டு முதல் பத்தடி. முளை முதலில் மேலே வராது, கீழே கிழங்காக இறங்கும். ஆறேழு மாதம் தரையில் ஒன்றும் தெரியாததால் "முளைக்கவில்லை" என்று தோண்டிப் பார்ப்பவர்கள் உண்டு. தோண்டினால் போயிற்று. பிடுங்கி நடவும் முடியாது. தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. கரையில் தீ வைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

முப்பது பேர் வந்தால் என்னென்ன கருவி வேண்டும்?

மண்வெட்டி ஆறு, கடப்பாரை மூன்று, சட்டி ஆறு, வாரியல் எட்டு, இலைவாரி நான்கு, அரிவாள் இரண்டு, கையுறை முப்பது ஜோடி, சாக்கு நாற்பது. சருகு சுமக்க ஓலைக் கடவப்பெட்டி ஐந்தாறு கிடைத்தால் பிளாஸ்டிக் கூடையைவிட நன்றாக உழைக்கும். முப்பது பேருக்கு முப்பது மண்வெட்டி கேட்காதீர்கள். ஒருவர் வெட்டும்போது இரண்டு பக்கமும் ஆறடி காலியாக இருக்க வேண்டும். நெருங்கி வெட்டினால் காலில்தான் விழும். அரிவாளும் கடப்பாரையும் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் கையில் கொடுக்க வேண்டாம்.

கண்ணாடித் துண்டுக்குத் தனி வாளி, மூடியோடு. சாக்கில் போட்டால் தூக்குகிற தூய்மைப் பணியாளரின் தொடையைக் கிழிக்கும்.

வேலை எத்தனை மணிக்குத் தொடங்கலாம்?

காலை 6 முதல் 8.30. மாசி முதல் ஆவணி வரை 9 மணிக்கு மேல் யாரையும் வெயிலில் நிறுத்தாதீர்கள். அரை மணிக்கு ஒரு தடவை ஒரு தம்ளர் தண்ணீர். மயக்கம், குமட்டல் வந்தவரை நிழலில் படுக்கவைத்து, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வையுங்கள். ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். பேச்சு குழறினால், உளறினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

நாள் குறிக்கும்போது ஆனித் தேரோட்டம், பாளையங்கோட்டை தசரா, தைப்பூசம், ஆடி அமாவாசை நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். பாதை அடைபடும், போலீசும் துப்புரவுப் பணியாளர்களும் அங்கேதான் இருப்பார்கள். மேலப்பாளையத்தில் ரமலான் மாதப் பகலில் உடல் வேலை வைக்க வேண்டாம். மார்ச், ஏப்ரலில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேர்வு.

கல்லூரிப் பிள்ளைகளை எப்படிச் சேர்ப்பது?

நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரைப் பாருங்கள். அத்திட்ட மாணவர் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும், ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. அதனால் ஒரு நாளைக்கு நூறு பேர் கேட்பதைவிட, மாதம் இரண்டு சனிக்கிழமை பதினைந்து பேர் என்று ஆண்டு முழுக்கக் கேளுங்கள். அவர்களுக்கும் மணிக்கணக்கு நிறையும், பூங்காவுக்கும் கை கிடைக்கும். பள்ளிப் பிள்ளைகள் என்றால் பெற்றோரின் எழுத்துப்பூர்வச் சம்மதமும், பதினைந்து பிள்ளைக்கு ஒரு ஆசிரியரும் வேண்டும்.

புதரை வெட்டும்போது பாம்பு வந்தால்?

விலகி நின்று தீயணைப்பு நிலையத்தை 101-இல் கூப்பிடுங்கள். அடிக்கப் போகிறவருக்குத்தான் கடி விழுகிறது. புதருக்குள் கை விடும் முன் நீளக் கம்பால் தட்டுங்கள், கனமான காலணி போடுங்கள், செங்கல் குவியலைக் கையால் புரட்டாதீர்கள்.

கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றி, கடிபட்ட கைகாலை அசையாமல் சட்டம் வைத்துக் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். என்ன பாம்பு என்று தேடி நேரத்தைப் போக்காதீர்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே முறிமருந்துதான்.

சருகை எரித்துவிடலாமா?

எரிக்காதீர்கள். புகை பக்கத்து வீட்டு ஆஸ்துமாக்காரரைப் படுக்கவைக்கும், உரமும் போகும். பூங்காவின் நிழலான மூலையில் கம்பி வலையால் நான்கடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரத்தில் கூண்டு கட்டுங்கள். ஒரு அடி சருகு, அதன்மேல் 5 கிலோ சாணியை 10 லிட்டர் நீரில் கரைத்த கரைசல், ஒரு கை மண். மறுபடி சருகு. நிரம்பியதும் சாக்கால் மூடுங்கள். 15 நாளுக்கு ஒரு முறை புரட்ட வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. சொட்டினால் நாறும், காய்ந்தால் மட்காது. மூன்று, நான்கு மாதத்தில் உரமாகும். சமைத்த சோறு போட்டால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும்.

சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு?

ஐம்பது பேருக்குச் சுக்குக் காபி 5 லிட்டர், சுண்டலுக்குக் காய்ந்த கடலை 2 கிலோ. கோடையில் நீர்மோர் 12 லிட்டர்: தயிர் 4 லிட்டர், மீதி தண்ணீர். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்கள் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கோப்பையும் அதில் சேர்ந்ததுதான். எவர்சில்வர் தம்ளர் அறுபது வாடகைக்கு எடுத்து, கழுவ இரண்டு வாளி வையுங்கள். சுண்டலுக்கு வாழையிலைக் கீற்றோ பாக்குமட்டைத் தட்டோ போதும். சமையலை வீட்டிலேயே முடித்துக் கொண்டுவருவது நல்லது. பூங்காவில் அடுப்பு மூட்டினால் புல்தரை இரண்டு வருடத்துக்குத் திட்டுத்திட்டாகக் கருகி நிற்கும்.

சாயங்காலம் வில்லுப்பாட்டு வைக்க ஆசை. என்ன தேவை?

பூங்காவுக்கு அதைவிடப் பொருத்தமான கலை இல்லை. உட்கார்ந்து பாடுவது, உயர மேடை வேண்டாம். 12 அடிக்கு 10 அடி, ஒன்றரை அடி உயரம், மேலே ஜமுக்காளம். வில், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை எல்லாம் கலைஞர்களே கொண்டுவருவார்கள். மைக் மூன்று: புலவருக்கு ஒன்று, பக்கப்பாட்டுக்கு ஒன்று, குடத்துக்குத் தாழ்வாக ஒன்று. குடத்து மைக்கை ஒலிபெருக்கிப் பெட்டிக்கு எதிரே வைத்தால் கீச்சிடும்.

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது, குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. கூம்பு ஒலிபெருக்கியை மரத்தில் கட்டாதீர்கள். ஆளுயரப் பெட்டி இரண்டைக் கூட்டத்தை நோக்கி வைத்தால் 200 பேருக்குத் தாராளம். மாலை 6.30-க்குத் தொடங்கி 9-க்கு முடித்தால் அக்கம்பக்கத்தார் அடுத்த வருடமும் வருவார்கள். பூங்கா விளக்குக் கம்பத்திலிருந்து கொக்கி போட்டு மின்சாரம் எடுப்பது உயிருக்கு ஆபத்து. மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்குங்கள் அல்லது ஜெனரேட்டர் வையுங்கள். எதுவானாலும் கசிவு மின் துண்டிப்பான் இல்லாமல் ஒரு விளக்கும் எரியக் கூடாது. கலைஞர்களுக்குப் பேசிய தொகையை அன்றிரவே கொடுத்துவிடுங்கள்.

சுவரில் ஓவியம் வரையலாமா?

மாசி, பங்குனியில் வரையுங்கள். மழைக்காலத்துச் சுவர் உள்ளே ஈரம், பெயின்ட் கொப்புளமாக உப்பும். உப்புப் பூத்த சுவரைக் கம்பி பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, ஒரு வாரம் காயவிட்டு, பிரைமர் ஒரு கை, பிறகு வண்ணம் இரண்டு கை. வெளிச்சுவர் எமல்ஷன் ஒரு லிட்டர் சுமார் 50 சதுர அடிக்கு இரண்டு கை வரும். உப்புத் தண்ணீர் கலந்து அடித்தால் ஆறு மாதத்தில் உதிரும்.

ஊஞ்சல், சறுக்கை நாங்களே பழுது பார்க்கலாமா?

பார்த்துச் சொல்லலாம், வெல்டிங் வேண்டாம். ஊஞ்சல் கொக்கியும் சங்கிலிக் கண்ணியும் பாதி தேய்ந்திருந்தால் அன்றே கயிறு கட்டிப் பூட்டிவிட்டு, படம் எடுத்து மண்டல அலுவலகத்துக்கு எழுதுங்கள். அடியில் மணல் முக்கால் அடிக்குக் குறையக் கூடாது. எம்-சாண்ட் போட்டால் அதன் தூள் இறுகித் தளம்போல் ஆகிவிடும். உருண்டை மணல்தான் விழும் பிள்ளையைத் தாங்கும். அதையும் ஆற்றில் அள்ளாமல் ரசீதோடு வாங்குங்கள். மாதம் ஒரு முறை கிளறிவிட்டு, நாய்க் கழிவும் கண்ணாடியும் பொறுக்குங்கள்.

பறவை, பட்டாம்பூச்சி பார்க்கும் நிகழ்ச்சி நடத்த முடியுமா?

செலவே இல்லாத நிகழ்ச்சி அது. ஜனவரியில் பொங்கலை ஒட்டிய நாட்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். ஒரு இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த, கேட்ட பறவைகளை எண்ணி இ-பேர்டு என்னும் பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் போதும். நயினார்குளக் கரைபோல நீர் ஒட்டிய இடமானால் பிள்ளைகளுக்கு அலுக்காது. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் தனியாக ஜனவரியில் நடக்கிறது. தொலைநோக்கி மூன்று பேருக்கு ஒன்று, காலை 6.30.

பட்டாம்பூச்சிக்குப் பூச்செடி மட்டும் வைத்தால் வந்து போகும், தங்காது. புழு தின்னும் செடி வேண்டும்: கறிவேப்பிலை, நாரத்தை, எருக்கு, ஆவாரை, ஆடுதீண்டாப்பாளை. புழு தின்று இலை ஓட்டையானால் மருந்தடிக்கக் கூடாது என்று பூங்காப் பணியாளரிடம் முன்கூட்டியே சொல்லிப் பலகையும் வையுங்கள்.

மழை, வெள்ளத்துக்குப் பிறகு என்ன செய்வது?

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் ஆற்றோரப் பகுதிகள் கண்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். தண்ணீர் வடிந்ததும் முதலில் மின்பெட்டிப் பக்கம் போகாமல் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். சேற்றைக் காயும் முன் வாருங்கள், காய்ந்தால் இரட்டிப்பு வேலை. வெறுங்காலோடு இறங்கக் கூடாது. கால் புண் இருப்பவர் வரவே வேண்டாம், எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் வரும். கன்றுகளின் கழுத்தில் ஏறிய வண்டலை விலக்கிவிடுங்கள், இல்லையென்றால் பட்டை அழுகும்.

மழை நாட்களில் வாரம் ஒரு முறை தேங்காய்ச் சிரட்டை, டயர், மூங்கில் கூட்டின் துளை, பழைய கோப்பை எல்லாவற்றையும் கவிழ்க்க ஒரு ஆள் வேண்டும். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள்தான் எடுக்கும்.

கிளை தொங்குகிறது, வெட்டலாமா?

மாநகராட்சிக்கு எழுதிக் கொடுங்கள். பொது இடத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் தேவை.

பணம் எப்படிச் சேர்ப்பது, எப்படிக் கணக்கு வைப்பது?

பத்தாயிரம் ரூபாய்க்குள் முடியும் வேலையைத் தெருவிலேயே திரட்டிக்கொள்ளலாம். ரசீதுப் புத்தகம், இருவர் கையெழுத்து, ஒவ்வொரு மாதமும் வரவு செலவைப் பூங்கா வாசலில் ஒட்டுவது, இந்த மூன்றும் இருந்தால் சண்டை வராது. பணமாகக் கேட்பதைவிடப் பொருளாகக் கேளுங்கள்: ஒருவர் இருபது மூங்கில் கூடு, ஒருவர் ஒரு மாதத் தண்ணீர். தொடர்ந்து நடத்துவதானால் 1975-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் குறைந்தது ஏழு பேர் சேர்ந்து பதியலாம், அப்போது சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு கிடைக்கும்.

நடைபாதை, சுற்றுச்சுவர், கழிப்பறை போன்ற பெரிய வேலைக்கு 'நமக்கு நாமே' திட்டத்தைக் கேளுங்கள். பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால் மீதியை அரசு போடும். பங்குத் தொகை கையில் உறுதியாகும் முன் விண்ணப்பிக்க வேண்டாம்.

எங்களுடையது கிராமம். மாநகராட்சி இல்லையே?

ஊராட்சித் தலைவரிடமும் செயலரிடமும் பேசிவிட்டுக் கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். சபை கூடும் நாட்கள் ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஐப்பசியில் நடுவதற்கு ஆகஸ்ட் 15 கூட்டத்திலேயே தீர்மானம் எழுதிவிட வேண்டும். அதில் கன்று எண்ணிக்கையோடு எந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், வாரத்துக்கு எத்தனை குடம் என்பதும் பதிவாகட்டும். அக்டோபர் 2 வரை காத்திருந்தால் குழி எடுத்து முடிவதற்குள் மழை பாதி போயிருக்கும்.